தலைப்பக்கம் தாழ்ந்த கட்டில்

என் அக்காவுக்கு நான் தர வேண்டியிருந்தது இரண்டு லட்சத்து நாற்பத்தாறாயிரத்து முந்நூறு. எட்டு வருஷமாக அந்தத் தொகை கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அக்கா வட்டி கேட்கிறவள் இல்லை. அசலையும் கேட்டதில்லை. கடன் கொடுத்தவன் வாசலில் வந்து நின்று கத்தினால் நாமும் பதிலுக்குக் கத்தலாம். வாயே திறக்காதவளிடம் என்ன செய்வது?

என் மகள் ஏழாம் மாதத்திலேயே அவசரப்பட்டுப் பிறந்துவிட்டாள். என் செருப்பு நீளம்கூட இல்லை. நாற்பத்தொரு நாள் ஆஸ்பத்திரிக் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தாள். அக்கா வேறொரு ஆஸ்பத்திரியின் சலவை அறையில் இஸ்திரி போடுகிறவள். மாமா போன பிறகு, தான் குடியிருக்கும் ஒற்றை அறையை விலைக்கு வாங்கிவிட வேண்டும் என்று வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்து வைத்திருந்தாள். அத்தனையையும் எடுத்து வந்து பில்லைக் கட்டினாள். ரசீதை மடித்து என் சட்டைப்பையில் வைத்து, "இதைத் தொலைச்சிடாதேடா. பெரியவளானதும் காட்டி மிரட்டணும்" என்றாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அந்தப் பேச்சே கிடையாது.

எட்டு வருஷம் கழித்து அக்கா இருந்த கட்டடத்தை விற்கப்போவதாக வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். நான்கு மாதத்துக்குள் இரண்டரை லட்சம் முன்பணம் கட்டினால் அறை அவளுக்கு. இல்லையென்றால் மற்றவர்களோடு அவளும் காலி செய்ய வேண்டும். இதை அக்கா என்னிடம் சொல்லவில்லை. என் மனைவியிடம் சொல்லி, "அவன்கிட்ட சொல்லிடாதே" என்று சத்தியமும் வாங்கியிருக்கிறாள். என் மனைவி சத்தியத்தைக் காப்பாற்றினாள், சரியாக ஒரு மணி நேரம்.

நான் கிடங்கில் மூட்டை தூக்குகிறவன். ஒரு ஷிப்டுக்கு நூற்றிருபது மூட்டை. மூட்டை ஐம்பது கிலோ. இருபத்திரண்டு வருஷமாக அதே கணக்கு. அந்தச் சம்பளத்தில் நான்கு மாதத்தில் இரண்டரை லட்சம் சேர்க்க வேண்டுமானால் சாப்பிடாமல் இருந்தால் மட்டும் போதாது, மூச்சும் விடக்கூடாது.

என்னோடு வேலை செய்கிற ஒருவனை நாங்கள் ஒட்டகம் என்று கூப்பிடுவோம். அத்தனை உயரம். அவன்தான் ஒருநாள் செல்போனை என் மூக்குக்கு நேரே நீட்டினான்.

"டேய், படுத்திருந்தா சம்பளமாம்டா. பொறந்ததுல இருந்து நாம தேடிட்டிருந்த வேலை!"

"அப்ப நீயே போயேன்."

"உயரம் ஜாஸ்தியா இருக்கக்கூடாதுன்னு போட்டிருக்கான். நான் படுத்தா கால் அடுத்த ரூம்ல இருக்கும்."

எழுத்துக் கூட்டி இரண்டு முறை படித்தேன். முதல் முறை புரிந்துகொள்வதற்கு. இரண்டாம் முறை, எந்த வரியில் ஏமாற்றுகிறார்கள் என்று பார்ப்பதற்கு. விண்வெளிக்குப் போகிறவர்களின் உடம்பைப் பற்றிய ஆராய்ச்சி. ஆரோக்கியமான ஆட்கள் அறுபது நாள் படுத்தே இருக்க வேண்டும். முன்னும் பின்னும் பரிசோதனைக்காகப் பதினான்கு பதினான்கு நாள். மொத்தம் எண்பத்தெட்டு நாள். நாளுக்கு ஆயிரத்து ஐந்நூறு. விதிகள் எதையும் மீறாமல் முடித்தால் தனியாக இரண்டரை லட்சம்.

இரண்டரை லட்சம் என்ற இடத்தில் விரலை வைத்தபடி கொஞ்ச நேரம் நின்றேன்.

மேஸ்திரியிடம் மூன்று மாத விடுப்பு கேட்டபோது அவர் சிரிக்கவில்லை. "போய்ட்டு வா. திரும்பி வந்து நூத்திருபது தூக்கினா உன் இடம் உனக்கு. தொண்ணூறு தூக்குறவனா வந்தா வாசலோட நின்னுக்கோ" என்றார்.

ஆராய்ச்சிக்கூடத்தின் டாக்டரம்மா எல்லாவற்றையும் பொறுமையாக விளக்கினார். நாற்பது வயது இருக்கும். என்னைப் போய் 'சார்' என்று கூப்பிட்டார். முதல் இரண்டு நாள் நான் திரும்பிப் பார்க்கவே இல்லை, வேறு யாரையோ கூப்பிடுகிறார் என்று இருந்துவிட்டேன்.

மேலே போனால் உடம்புக்கு எடை தெரியாதாம். கீழே இருக்க வேண்டிய ரத்தமும் நீரும் தலைக்கு ஏறிவிடுமாம். காலுக்கு வேலை இல்லாததால் சதை கரையும், எலும்பு மெலியும். அதை இங்கே தரையில் வைத்துப் பார்க்க ஒரே வழிதான், தலைப்பக்கம் தாழ்ந்த கட்டில். கால்பக்கம் ஒரு சாண் உயர்ந்திருக்கும். அதில் அறுபது நாள். தலையணை கிடையாது. எழுந்து உட்காரக்கூடாது. திரும்பிப் படுக்கலாம், ஆனால் ஒரு தோளாவது எப்போதும் மெத்தையைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். சாப்பாடு, குளியல், மற்றதெல்லாம் அப்படியே. உள்ளே போவதையும் அளந்தார்கள், வெளியே வருவதையும் அளந்தார்கள். பார்த்துக்கொள்ள மேலே ஒரு கேமரா.

எங்களைக் குலுக்கல் போட்டு இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிப் பேர் படுத்தபடியே ஒரு இயந்திரத்தைக் காலால் உதைத்துத் தினமும் பயிற்சி செய்ய வேண்டும். மறுபாதிப் பேர் சும்மா கிடக்க வேண்டும். சும்மா கிடப்பவர்களின் கால் எவ்வளவு கரைகிறது என்று தெரிந்தால்தானே பயிற்சி எவ்வளவு காப்பாற்றியது என்று தெரியும். எனக்குச் சும்மா கிடக்கும் சீட்டு விழுந்தது. பக்கத்துக் கட்டில் டாக்ஸிக்காரருக்குப் பயிற்சி.

"பார்த்தீங்களா நியாயத்தை?" என்றார் அவர். "மூட்டை தூக்கினவரைப் படுக்க வெச்சுட்டு, இருபது வருஷம் உட்கார்ந்தே சம்பாதிச்ச என்னைப் போய் உதைக்கச் சொல்றாங்க."

முதல் நான்கு நாள் நரகம். முகம் வீங்கிவிட்டது, மூக்கு அடைத்துவிட்டது, தலை சிமெண்டாகக் கனத்தது. முதுகு, நான் அதன் மேல் ஏற்றிய அத்தனை மூட்டைக்கும் சேர்த்து அப்போதுதான் கணக்குக் கேட்டது. மகள் செல்போனில் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அப்பா, யாரோ உனக்குக் காத்து அடிச்சிருக்காங்க" என்றாள். பிறகு எல்லாம் பழகிவிட்டது. பழகிப்போகாதது ஒன்றுதான்.

ஒன்பதாம் நாள் என்னைச் சாய்வான தள்ளுவண்டியில் கிடத்திக் குளிப்பாட்டினார்கள். சோப்புப் போடும்போது என் கை தொடையில் பட்டது. சதை தொளதொளவென்று ஆடியது. ஊறிய துணியைத் தொட்டது போல இருந்தது. என் சொத்து என்று எனக்கு இருப்பது இரண்டு கால்தான். நிலம் வைத்திருப்பவன் வேலியைப் பார்ப்பான், கடை வைத்திருப்பவன் பூட்டைப் பார்ப்பான். நான் என் காலைத் தடவிப் பார்த்து நடுங்கிப்போனேன். தொண்ணூறு என்று மேஸ்திரி சொன்னது காதில் கேட்டது.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு எங்களுக்கு ஒரு படம் போடுவார்கள். அன்றைக்குப் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டேன். உள்ளே வலது குதிகாலை இடது பாதத்தின் மேல் வைத்தேன். மேல்கால் கீழே அழுத்த, கீழ்க்கால் மேலே தள்ள வேண்டும். ஒரு கால் இன்னொரு காலுக்கு மூட்டை. பத்து எண்ணும் வரை விடாமல் பிடித்தால் ஒரு மூட்டை இறங்கியதாகக் கணக்கு. பிறகு கால் மாற்ற வேண்டும். படம் முடிவதற்குள் நூற்றிருபது. தினமும்.

இதில் தப்பு இருப்பதாக எனக்குத் தோன்றவே இல்லை. சொன்னதைவிடக் குறைவாகச் செய்தால் திட்டு விழும், கூலி பிடிப்பார்கள். எனக்குத் தெரிந்த சட்டம் அதுதான். கேட்காமலே கூடுதலாக உழைக்கிறவனை எந்த முதலாளி கோபித்துக்கொண்டிருக்கிறான்? உடற்பயிற்சி செய்யக்கூடாது என்று படிவத்தில் இருந்தது உண்மை. உடற்பயிற்சி என்பது வசதியானவர்கள் காலையில் வெள்ளை ஷூ போட்டுக்கொண்டு செய்வது. நான் செய்தது என் வேலை.

முப்பத்துநான்காம் நாள் டாக்டரம்மா டேப்பால் என் கெண்டைக்காலைச் சுற்றி அளந்தார். குறித்துக்கொண்டார். மறுபடி அளந்தார். இன்னொருவரைக் கூப்பிட்டு அவரையும் அளக்கச் சொன்னார். அதற்குப் பிறகு என்னைப் பெரிய குழாய் இயந்திரத்துக்குள் தள்ளிப் படம் எடுத்தார்கள்.

"சார், பயிற்சி செய்யாத மத்தவங்களுக்கு எல்லாம் ரெண்டு சென்டிமீட்டருக்கு மேல போயிடுச்சு. உங்களுக்கு நூல் அளவுதான்" என்றார். கண்ணெல்லாம் சிரிப்பு. "உங்க உடம்புல என்ன ரகசியம் வெச்சிருக்கீங்க?"

"இருபத்திரண்டு வருஷம் மூட்டை தூக்கினது டாக்டர்" என்றேன். நெஞ்சு நிமிர்ந்தது. தலைகீழாகக் கிடக்கிறவனால் எவ்வளவு நிமிர முடியுமோ அவ்வளவு.

"அதையேதான் நானும் நினைக்கறேன்" என்றார் அவர். "வருஷக்கணக்கா பாரம் தூக்கின எலும்பு சீக்கிரம் கரையாதுன்னா, மேலே போறவங்களை முன்கூட்டியே பாரம் தூக்க வெச்சு அனுப்பலாம். இப்ப அங்க தினமும் ரெண்டு மணி நேரம் பயிற்சிக்கே போகுது. அதைப் பாதியாக் குறைச்சுடலாம்."

அன்றைக்கு வீட்டுக்குப் பேசியபோது பெருமையில் தலைகால் புரியவில்லை. "உன் புருஷன் கால் விண்வெளிக்குப் போகுது" என்றேன். "காலை மட்டும் அனுப்பிட்டு நீ வீட்டுக்கு வந்துடு, கேஸ் சிலிண்டர் மாத்தணும்" என்றாள் மனைவி.

மூன்று நாள் கழித்து ஒரு பெண் வந்தாள். நீல உடை, ஒட்ட வெட்டிய முடி, முப்பது வயது. ஏழு மாதத்தில் மேலே போகப்போகிறவள் என்று டாக்டரம்மா சொன்னார். எல்லாக் கட்டிலுக்கும் போய் வணக்கம் சொன்னவள், "இங்க மூட்டைக்கார அண்ணா யாரு?" என்று கேட்டாள். டாக்ஸிக்காரர் என்னைக் கை காட்டினார்.

என் முகம் தாழ்ந்த பக்கத்தில் இருந்ததால், நின்று பேசினால் அவள் முகம் எனக்குத் தலைகீழாகத் தெரியும். அதைப் புரிந்துகொண்டு தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்தாள்.

"மேல எப்படிம்மா தூங்குவீங்க?" என்று கேட்டேன். எனக்குத் தூக்கம்தான் முக்கியம்.

"சுவத்துல ஒரு பை கட்டியிருக்கும் அண்ணா. அதுக்குள்ள நுழைஞ்சு ஜிப்பை இழுத்துக்கணும். இல்லைன்னா மிதந்து போய் யார் மேலயாவது மோதுவோம். அழுதா கண்ணீர் கீழ விழாதாம், கண்ணுலயே உருண்டையா நிக்குமாம். அதனால அழறதுக்கும் சலிப்பா இருக்கும்னு போயிட்டு வந்தவங்க சொல்றாங்க."

"நடக்க?"

"நடக்கறதுக்கு அங்க என்ன வேலை? ஆனா தினமும் ஓடணும். ரப்பர் வாரால தோளைக் கட்டிக் கீழ இழுத்துப் பிடிச்சுதான் ஓடவே முடியும். ரெண்டு மணி நேரம். எனக்கு ஓடறதே பிடிக்காது." குரலைத் தாழ்த்தினாள். "உங்களாலதான் அது குறையப்போகுது. அதான் நேர்ல பார்த்துட்டுப் போகலாம்னு வந்தேன்."

உடையின் கழுத்தை லேசாக விலக்கித் தோளைக் காட்டினாள். பட்டையாகக் கன்றிப்போயிருந்தது. நேற்றிலிருந்து மணல்மூட்டை தூக்கிப் பழகுகிறாளாம்.

"இது தப்பும்மா" என்றேன். "தோள் நுனியில வாங்கக்கூடாது. கழுத்தோரமா, முதுகு பாதி ஏத்துக்கற மாதிரி வாங்கணும். மூச்சை விட்டுட்டே தூக்கணும்."

"நீங்க எந்திரிச்சதும் வந்து கத்துக் குடுங்க" என்று சிரித்தாள். எழும்போது சொன்னாள்: "எனக்குக் கத்துக் குடுத்தவர் ஒருத்தர். மேல இருந்தப்ப பயிற்சியை ஒழுங்கா செய்யல. திரும்பி வந்த மூணாம் மாசம் குளியலறையில வழுக்கினார். லேசாத்தான். இடுப்பெலும்பு உடைஞ்சிடுச்சு. அதான் எங்க அம்மாவுக்குப் பயம். இப்ப உங்களைப் பத்திச் சொல்லித்தான் அவங்களைச் சமாதானம் பண்ணி வெச்சிருக்கேன்."

அவள் போனதும் சாப்பாடு வந்தது. சாப்பிட்டேன். படம் போட்டார்கள். போர்வைக்குள் கால் தானாகவே ஒன்றின் மேல் ஒன்று ஏறியது. ஒன்று, இரண்டு என்று எண்ண ஆரம்பித்தேன். நான்கு வரும்போது அந்தக் கன்றிய தோள் நினைவுக்கு வந்தது. கால் அப்படியே நின்றுவிட்டது.

என் காலைக் காப்பாற்றியது இருபத்திரண்டு வருஷம் இல்லை. தினமும் இந்த நூற்றிருபது. டாக்டரம்மாவுக்கு அது தெரியாது. தெரியாமல், ஓட வேண்டிய ஒரு பெண்ணை ஓடாமல் இருக்கச் சொல்லப்போகிறார். அவள் திரும்பி வந்து குளியலறையில் கால் வைப்பாள்.

சொன்னால் இரண்டரை லட்சம் போய்விடும். சொல்லாவிட்டால் இன்னும் இருபத்துமூன்று நாள் படுத்து, கடைசிப் பரிசோதனையையும் முடித்தால் கைக்கு வந்துவிடும். யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் அந்தப் பணம் என்னுடையதா? அக்காவுடைய அறை அது. அவளிடம் கேட்காமல் நான் எப்படி விட்டுக்கொடுப்பது?

முகத்துக்கு மேலே ஒரு கம்பியில் செல்போன் மாட்டியிருந்தது. அக்காவைக் கூப்பிட்டேன். பின்னால் நீராவிச் சத்தம் கேட்டது. இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு வந்தாள்.

"அக்கா, அந்தப் பணம் வராது போலிருக்கு."

"எந்தப் பணம்?"

"நீ சொல்லாத பணம். உன் ரூமுக்கு."

"அவ சொல்லிட்டாளா? சொல்லுவான்னு தெரியும்" என்றாள். "என்னடா, எந்திரிச்சிட்டியா?"

"எந்திரிக்கலக்கா. வேலை செஞ்சிட்டேன்."

முழுவதையும் சொன்னேன். மறுமுனையில் விசும்பல் போல ஒரு சத்தம் கேட்டது. அழுகிறாளோ என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள். சிரிப்பு இருமலாகி, யாரோ தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

"படுடான்னு காசு குடுத்துக் கட்டில்ல போட்டா அங்கயும் மூட்டை தூக்கியிருக்கான்! உன்னை என்னதான்டா பண்றது?" இருமல் அடங்கியதும் கேட்டாள்: "அந்தப் பொண்ணுக்கு என்ன வயசு?"

"முப்பது இருக்கும்."

"அம்மா இருக்காங்களா?"

"இருக்காங்க."

"சொல்லிடு."

"உன் ரூம் அக்கா..."

"என் ரூம் என் தலைவலி. நீ ஏற்கனவே தலைகீழாத் தொங்கறே, உனக்கு இருக்கற தலைவலி போதும். வெச்சிடு, இங்க பெட்ஷீட் தீயுது."

டாக்டரம்மாவைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். முகம் வெளுத்துவிட்டது. மூன்று வருஷ வேலை என்றார். இந்தக் கணக்கை நம்பி நேற்றுத்தான் மேலிடத்துக்கு எழுதினேன் என்றார். கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"எத்தனை நாளா?"

"ஒன்பதாம் நாள்ல இருந்து நேத்து வரைக்கும். இருபத்தெட்டு நாள். நாளுக்கு நூத்திருபது. ஒவ்வொண்ணும் பத்து எண்ணற வரைக்கும். நடுவுல வயிறு சரியில்லாத அன்னைக்கு மட்டும் அறுபது."

"இவ்வளவு சரியா எப்படிச் சொல்றீங்க?"

"கணக்கு வெச்சுக்கலைன்னா கூலி குறைச்சுடுவாங்க டாக்டர்."

அவர் அதையெல்லாம் எழுதிக்கொண்டார். பக்கத்துக் கட்டிலிலிருந்து டாக்ஸிக்காரர் மெதுவாகச் சொன்னார், "போர்வை அசையறதை நானும் பார்த்தேன். தூக்கத்துல ஏதோ சைக்கிள் ஓட்டறார்னு நினைச்சுட்டேன்."

"சொல்லாம இருந்திருந்தா எனக்குத் தெரிஞ்சே இருக்காது" என்றார் டாக்டரம்மா. "ஏன் சொன்னீங்க?"

"அந்தப் பொண்ணோட தோள் கன்னிப்போயிருக்கு" என்றேன்.

விதி விதிதான். இரண்டரை லட்சம் கிடையாது. எழுந்து வீட்டுக்குப் போகலாம், அல்லது மிச்ச நாளும் தினக்கூலிக்குப் படுத்திருக்கலாம், பயிற்சியை நிறுத்திய கால் எப்படிப் போகிறது என்று தனியாக ஒரு குறிப்பு எழுதிக்கொள்கிறேன் என்றார். படுத்திருக்கிறேன் என்றேன்.

என் வாழ்க்கையில் நான் பார்த்த வேலைகளிலேயே கஷ்டமான வேலை அந்த இருபத்துமூன்று நாள்தான். போர்வைக்கு வெளியே காலை நீட்டி வைத்துக்கொண்டு, கால் மேல் கால் போடாமல், அது கரைவதைப் பார்த்துக்கொண்டே கிடந்தேன். டாக்டரம்மா தினமும் வந்து அளந்தார். முதல் வாரம் அளந்துவிட்டுப் போய்விடுவார். பிறகு ஒருநாள் அளந்து முடித்து, போர்வையை இழுத்து என் பாதத்தை மூடிவிட்டுப் போனார். ஐம்பதாம் நாள் அந்தப் பெண் எங்கிருந்தோ செல்போனில் வந்தாள். தண்ணீர்த் தொட்டிக்குள் ஆறு மணி நேரம் கனமான உடையோடு வேலை பழகிவிட்டு வந்திருந்தாள், தலை ஈரமாக இருந்தது.

"அண்ணா, உங்களால ரெண்டு மணி நேர ஓட்டம் திரும்ப என் தலையில விழுந்துடுச்சு."

"ஓடும்மா. நல்லா ஓடு."

"உங்களைத் திட்டிட்டே ஓடுவேன், பரவாயில்லையா?"

"தாராளமா."

அறுபதாம் நாள் என்னைக் கட்டிய பலகையோடு மெல்ல நிமிர்த்தினார்கள். தலையிலிருந்த ரத்தமெல்லாம் குடத்தைக் கவிழ்த்ததுபோல இறங்கியது. கண் இருட்டி, மூன்றாம் முயற்சியில்தான் நின்றேன். உள்ளங்காலில் ஊசி குத்தியது. மறுநாளிலிருந்து குடும்பத்தைப் பார்க்கவிட்டார்கள். மனைவியும் மகளும் அக்காவும் வந்தார்கள். மகள் என் காலைப் பார்த்து, "அப்பா, இது என் கால் மாதிரி இருக்கு" என்றாள். அக்கா என் கையைத் தன் தோளில் போட்டுக்கொண்டு தாழ்வாரத்தில் நடக்க வைத்தாள். அறுபதை நெருங்குகிற அவள்மேல் ஐம்பது கிலோ மூட்டையாக நான் சாய்ந்து நடந்தேன்.

"கழுத்தோரமா வாங்குக்கா. தோள் நுனியில வேண்டாம்" என்றேன்.

"வாயை மூடிட்டு நட."

எண்பத்தெட்டு நாள் கூலி ஒரு லட்சத்து முப்பத்திரண்டாயிரம் வந்தது. ஒரு லட்சத்து இருபதாயிரத்து முந்நூறை அக்காவிடம் கொடுத்தேன். மிச்சக் கடன் ஒரு லட்சத்து இருபத்தாறாயிரம். அவள் அறைக்கு நான் கொடுத்தது பற்றவில்லை. அறை போய்விட்டது. தனக்கென்று ஒரு சாவி இருந்த அறை. அன்றைக்கு மட்டும் அக்கா முகத்தை என்னிடம் காட்டவில்லை.

"அண்ணி நம்ம வீட்டுக்கு வரட்டும்" என்றாள் என் மனைவி. எங்களுக்கு இருப்பது இரண்டு அறை.

"ஓசியில யார் வீட்லயும் இருக்க மாட்டேன்" என்றாள் அக்கா.

"யார் ஓசின்னு சொன்னது? வாடகை மாசம் நாலாயிரத்து ஐந்நூறு. உங்க தம்பி தர வேண்டியதுல கழிச்சுக்கோங்க."

"நாலாயிரத்து ஐந்நூறா? இந்த ரூமுக்கா? மூவாயிரம் தரலாம்."

"ஜன்னல் இருக்கு அண்ணி."

கடன் வாங்கியவன் நான். என்னைத் தவிர்த்துவிட்டு இரண்டு பேரும் அரைமணி நேரம் பேரம் பேசினார்கள். கடைசியில் நாலாயிரத்து ஐந்நூறு நின்றது, ஜன்னலுக்காக. இருபத்தெட்டு மாதம் என்று மகள் விரல்விட்டுச் சொன்னாள். அலமாரிக் கதவின் உட்பக்கத்தில் பென்சிலால் இருபத்தெட்டுக் கோடு போட்டாள். மாதம் பிறந்ததும் ஒன்றை அடிப்பாள்.

கிடங்கில் முதல் வாரம் எழுபது மூட்டைக்கு மேல் முடியவில்லை. ஒட்டகம் யாருக்கும் தெரியாமல் தன் கணக்கிலிருந்து சிலதை என் பக்கம் அடுக்கிவிட்டுப் போவான். மேஸ்திரிக்குத் தெரியும். தெரியாததுபோல வேறு பக்கம் பார்த்துக்கொண்டு மூக்கைச் சொறிவார். மூன்று மாதத்தில் நூற்றிருபதுக்கு வந்துவிட்டேன்.

பத்தாவது கோடு அடித்த மாதத்தில் அந்தப் பெண் மேலே போய்விட்டுத் திரும்பி வந்தாள். எல்லோரும் டி.வி. முன்னால் உட்கார்ந்தோம். கருகிய உருண்டைக்குள்ளிருந்து அவளைத் தூக்கி எடுத்து ஒரு நாற்காலியில் வைத்தார்கள். கை அசைத்தாள்.

"நல்லா சாப்பாடு போட்டிருக்காங்க. முகம் பூசினாப்ல இருக்கு" என்றாள் அக்கா.

"அது சாப்பாடு இல்லக்கா. தலைக்கு ஏறினது இன்னும் இறங்கல. இப்ப அவளுக்கு உள்ளங்கால் குத்தும், பாரு. தலையை வேகமாத் திருப்பினா வாந்தி வரும்."

"பெரிய டாக்டர்" என்றாள் மனைவி. மகள் என்னை ஒட்டி உட்கார்ந்துகொண்டாள்.

இருபது நாள் கழித்து ஒரு கூட்டத்தில் அவள் மேடைக்கு நடந்து போவதைக் காட்டினார்கள். மூன்று படி. மற்றவர்கள் அவள் பேச்சைக் கேட்டார்கள். நான் அந்த மூன்று படியைச் செல்போனில் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். கைப்பிடியைத் தொடவில்லை. கால் ஒவ்வொன்றும் அழுத்தமாக, நேராக விழுந்தது. அக்கா என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துவிட்டு, "ம்" என்றாள். என் கையிலிருந்து செல்போனை வாங்கி, தானும் ஒரு முறை ஓட்டிப் பார்த்தாள்.

போன மாதம் முதல் தேதி மகள் அலமாரியைத் திறந்தாள். இப்போது அவளுக்கு அக்காவின் தோள் உயரம்.

"அத்தை, கடைசிக் கோடு. இதை அடிச்சா தீர்ந்துடுச்சு."

அக்கா அப்போது என் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். வேலையை விட்டு வந்த பிறகும் அவளால் சும்மா இருக்க முடிவதில்லை, குடும்ப வியாதி. பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"அப்ப அடுத்த மாசத்துக்கு நான் என்ன குடுக்கறது?"

நான் ஏதாவது சொன்னால் ஓசிப் பேச்சு வரும் என்று எனக்குப் பயம்.

"அடுத்த மாசத்துல இருந்து நீங்க எங்களுக்குக் கடன்படுங்க அண்ணி" என்றாள் என் மனைவி, பாத்திரத்திலிருந்து தலையைத் திருப்பாமலே. "பத்து வருஷமா நாங்களே கடன்பட்டுட்டிருந்தோம். எங்களுக்கும் ஒருத்தர் கடன்பட்டா எப்படித்தான் இருக்கும்னு பார்க்க வேண்டாமா? நாங்களும் கேக்க மாட்டோம். நீங்க கேட்டீங்களா என்ன?"

அக்கா அவள் முதுகையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மகளிடமிருந்து பென்சிலை வாங்கி, அலமாரி முன்னால் குனிந்து, கடைசிக் கோட்டைத் தானே அடித்தாள்.